பன்னிரண்டு காற்றாலைகள், ஐந்து தீர்மானங்கள்

ஒரு மலைமுகட்டின் வரைபடம்; அதன் மேல் வரிசையாகப் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் 2 மெகாவாட் காற்றாலை. இறக்கை நுனி வரை 125 மீட்டர் உயரம், சுழலியின், அதாவது இறக்கைகள் சுழலும் வட்டத்தின், விட்டம் 80 மீட்டர். மிக அருகிலுள்ள வீடு 600 மீட்டரில் இருக்கிறது. முகட்டின் மேற்குக் கோடியில் சிறு காடும் ஒரு குளமும். கிழக்குச் சரிவில் காலை வைத்தால் புதையும் ஆழமான கரிமண்; அரைகுறையாக மக்கிய தாவரங்கள் ஈரத்தில் சேர்ந்து உருவான மண் அது. இது நானே கற்பனை செய்துகொண்ட விண்ணப்பம். ஆனால் எந்த நாட்டில், எந்தக் கிராமப்புறத்தில் காற்றாலைப் பண்ணைக்கு மனு வந்தாலும் அந்தக் கோப்பைத் திறந்தால் ஏறத்தாழ இதே சங்கதிகள்தான் கண்ணில் படும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச்சு "வேண்டும்", "வேண்டாம்" என்று இரண்டாகப் பிரிந்துவிடும். கையெழுத்திட வேண்டிய உள்ளாட்சி மன்ற உறுப்பினருக்கோ ஐந்து வழிகள் இருக்கின்றன: மனுவை அப்படியே ஏற்கலாம், மறுக்கலாம், ஆய்வு கேட்டுத் தள்ளிவைக்கலாம், அமைப்பை மாற்றிக்கொண்டு வரச் சொல்லலாம், நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம். கடைசி இரண்டும் உழைப்பு மிகுந்தவை. அதனாலேயே அவற்றுக்கு ஆதரவாகக் கூட்டத்தில் யாரும் கைதட்டுவதில்லை. என் வாக்கு அவற்றுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அப்படியே ஏற்றால்

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் காற்று வீசும் இடத்தைவிட 7 மீட்டர் வேகத்தில் வீசும் இடத்தில் ஆற்றல் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். "முகட்டின் உச்சியில்தான் வைக்க வேண்டுமா, கொஞ்சம் கீழே இறக்கினால் ஆகாதா?" என்று கேட்கும்போது நிறுவனத்தார் முகம் சுளிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு. இந்த இடத்தில் அவர்கள் பிடிவாதம் பிடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் புள்ளிகள் காற்றைப் பார்த்து வைக்கப்பட்டவை. மண்ணையும் பார்த்தார்களா என்று கேட்க வேண்டியது மன்றத்தின் வேலை. அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டெரிபிரையன் என்ற இடத்தில் 70 காற்றாலைகள் அமைக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 2003 அக்டோபரில் மலைச்சரிவின் கரிமண் பெயர்ந்து சரிந்தது. சேறு ஆற்றில் இறங்கி மீன்கள் செத்து மிதந்தன. அனுமதிக்கு முன் முறையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்படவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் சொன்னது. அதன் பிறகும் குறை சரிசெய்யப்படவில்லை என்று 2019-இல் அயர்லாந்து அரசுக்கு 50 லட்சம் யூரோ அபராதமும், சரிசெய்யும் வரை நாளொன்றுக்கு 15,000 யூரோவும் விதித்தது. கட்டி முடித்தவற்றுக்குப் பிற்பாடு அனுமதி பெறும் முயற்சி தோற்று, 2022-இல் காற்றாலைகளை மூடிக் கழற்றிவிடுவதென்று முடிவானது. காற்று அங்கே குறையவே இல்லை. கோப்பில் ஒரு மண் ஆய்வு குறைந்தது, அவ்வளவுதான்.

எங்கள் கற்பனை முகட்டின் கிழக்குச் சரிவில் இருக்கும் கரிமண்ணை மறந்துவிடாதீர்கள். அங்கே நிற்கும் இரண்டு புள்ளிகளை அப்படியே ஏற்க எனக்குக் கை வராது.

மறுத்தால்

மறுப்பு சில இடங்களில் சரியான ஒரே விடை. நார்வேயின் ஃபோசென் தீபகற்பத்தில் ஸ்டோர்ஹையா, ரோவன் என்ற இரண்டு பண்ணைகளில் 151 காற்றாலைகள் எழுந்தன. அது சாமி என்ற பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் கலைமான்களை மேய்க்கும் நிலம். அந்த அனுமதிகள் அவர்களுடைய பண்பாட்டு உரிமையை மீறுகின்றன, ஆகவே செல்லாது என்று 2021 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் இறக்கைகள் சுழலத் தொடங்கியிருந்தன. தீர்ப்பு வந்த பிறகும் அவை சுழன்றுகொண்டே இருந்தன. வழக்கில் வென்ற பிறகும் சாமி இளைஞர்கள் தலைநகரில் அமைச்சக வாசலில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. 2024-இல்தான் உடன்பாடுகள் முழுமையடைந்தன. அங்கே முதல் மேசையிலேயே "இந்த இடம் வேண்டாம்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் செலவு குறைந்திருக்கும்.

ஆனால் பெரும்பாலான மறுப்புகள் இந்த வகை அல்ல. எதிர்ப்புக் குரல் உரத்து ஒலித்ததால் மறுப்பது, தூரத்தைச் சாக்காக வைத்து மறுப்பது, இவைதான் அதிகம். ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2014-இல் ஒரு விதி கொண்டுவந்தது: காற்றாலையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குள் குடியிருப்பு இருக்கக் கூடாது. கேட்பதற்கு எளிமையான விதிதான். 200 மீட்டர் உயரமுள்ள காற்றாலைக்கு அது 2 கிலோமீட்டர். ஊர்கள் நெருங்கிக் கிடக்கும் நிலப்பரப்பில் ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் 2 கிலோமீட்டர் வட்டம் போட்டால் வரைபடத்தில் வெள்ளைத் தாள் மிஞ்சுவது அரிது. புதிய அனுமதிகள் அங்கே ஏறத்தாழ நின்றுபோயின. 2022-இல் விதியைத் தளர்த்தினார்கள். போலந்தும் 2016-இல் இதே விதியைப் போட்டு, 2023-இல் 700 மீட்டருக்கு இறங்கி வந்தது. டென்மார்க்கில் தூரம் உயரத்தைப் போல் நான்கு மடங்கு. பத்து மடங்குக்கும் நான்கு மடங்குக்கும் இடையில், விலக்கப்படும் நிலத்தின் பரப்பு ஆறு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. தூர விதியின் எண்ணை மாற்றுவது ஒரு சிறு திருத்தம்போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு கொள்கை முடிவு.

மறுப்பில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மேல்முறையீடு உள்ள நாடுகளில், காரணம் வலுவில்லாத மறுப்பு மேலே போய் உடையும். அப்போது நிபந்தனைகளை எழுதும் பேனா வேறொருவர் கைக்குப் போய்விடும். 600 மீட்டரில் இருக்கும் அந்த வீட்டைப் பார்த்தே இராத ஒருவர் அதற்கான இரைச்சல் வரம்பை எழுதுவார்.

தள்ளிவைத்தால்

பறவைகளும் வௌவால்களும் பருவத்துக்குப் பருவம் வழி மாற்றுபவை. ஓராண்டு முழுவதும் கணக்கெடுக்காத அறிக்கையைத் திருப்பி அனுப்புவது சோம்பல் ஆகாது. என்ன கேள்வி, எந்த நாளுக்குள் பதில் என்று எழுதித் தள்ளிவைத்தால் அதை நான் தீர்மானமாகவே மதிப்பேன்.

நாள் குறிக்காத தள்ளிவைப்பு வேறு. அது கையெழுத்திடாத மறுப்பு. நிலத்தை ஒப்பந்தத்தில் பூட்டிவைத்த விவசாயி வேறு பயன்பாட்டுக்குப் போக முடியாமல் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போனால் வாங்க வருபவர் "அது என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். இதற்கிடையில் மனுவில் எழுதியிருந்த காற்றாலை மாதிரியையே தயாரிப்பாளர் நிறுத்திவிடுவார். சந்தை ஆண்டுதோறும் பெரிய இயந்திரங்களை நோக்கிப் போகிறது. ஐந்தாண்டு கழித்து அனுமதி கிடைத்தாலும், அது கடையில் கிடைக்காத பொருளுக்கான அனுமதியாக இருக்கும். ஊருக்குள் இரண்டு தரப்பும் அத்தனை ஆண்டுகள் முகம் பார்க்காமல் இருந்ததற்கு யாரும் ஈடு தரப்போவதில்லை.

பன்னிரண்டா, ஐந்தா

இனிதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. மன்றம் இப்படிக் கேட்கலாம்: பன்னிரண்டு சிறியவற்றுக்குப் பதில் ஐந்து பெரியவை போட முடியுமா? 5 மெகாவாட் திறனும் 155 மீட்டர் விட்டமும் 200 மீட்டர் உயரமும் கொண்டவை. மொத்தத் திறன் 24 மெகாவாட்டிலிருந்து 25 ஆகிறது. ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் இறக்கைகள் துழாவும் பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு சிறியவற்றுக்குச் சேர்த்து சுமார் 60,000 சதுர மீட்டர். ஐந்து பெரியவற்றுக்கு 94,000. உயரே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும். ஆக, எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மின்சாரம் கூடுகிறது.

எண்ணிக்கை குறைந்தால் அடித்தளங்கள் குறையும், உள்சாலைகள் குறையும், முகட்டில் தோண்டும் மண் குறையும். கிழக்குச் சரிவின் கரிமண்ணைத் தொடவே வேண்டியதில்லை. மேற்குக் கோடியின் குளத்தையும் விட்டுவிடலாம். சுழற்சியும் மெதுவாகிறது: இறக்கை நுனியின் வேகம் இரண்டு வகையிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், 80 மீட்டர் சுழலி நிமிடத்துக்கு 19 சுற்று சுற்றினால் 155 மீட்டர் சுழலி பத்துச் சுற்றுதான் சுற்றும். வேகமாகச் சுழலும் பன்னிரண்டு சக்கரங்களைவிட, சாவகாசமாகச் சுழலும் ஐந்து கண்ணை உறுத்துவது குறைவு என்பது என் அனுபவம். இதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது மறுபக்கம். நான்கு மடங்கு தூர விதியை அளவுகோலாக வைத்தால், 125 மீட்டர் காற்றாலைக்கு 500 மீட்டர் போதும். 600 மீட்டரில் உள்ள வீடு தப்பிக்கிறது. 200 மீட்டருக்கு 800 வேண்டும். வீட்டுக்கு அருகிலுள்ளதை மேலும் 200 மீட்டர் தள்ளியாக வேண்டும். நிழலும் நீளும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது இறக்கையின் நிழல் சன்னல் மீது வெட்டி வெட்டிப் போகும் தொல்லை, சுழலி விட்டத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை எட்டும் என்பது திட்ட அலுவலகங்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கைக்கணக்கு. சிறியவற்றுக்கு 800 மீட்டர், பெரியவற்றுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இதுவரை சம்பந்தமே இல்லாதிருந்த வீடுகள் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். 150 மீட்டரைத் தாண்டினால் பல நாடுகளில் விமானங்களுக்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு கட்டாயம். இருட்டுக்குப் பழகிய கிராமத்துக்கு அது ஒரு புது நட்சத்திர மண்டலம், விருப்பமில்லாமல் வந்து சேர்ந்தது. விமானம் நெருங்கும்போது மட்டும் எரியும் அமைப்புகள் இப்போது இருக்கின்றன. ஜெர்மனி அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எழுபது, எண்பது மீட்டர் நீளமுள்ள ஒரே இறக்கையை லாரியில் ஏற்றிக் கிராமச் சாலையின் வளைவில் திருப்புவதும் சாமானிய வேலை அல்ல. எந்த மரம் வெட்டப்படும், எந்தப் பாலம் தாங்கும் என்று முதலிலேயே கேட்காவிட்டால் கட்டுமானத்தின்போதுதான் தெரியவரும்.

இரைச்சலில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பெரியது ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு. வீட்டில் கேட்பதைத் தீர்மானிப்பது மிக அருகிலுள்ள ஒன்றிரண்டுதான். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் தணியும் என்பது பொதுக் கணக்கு.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் நான் ஐந்தின் பக்கம் நிற்கிறேன். கரிமண்ணும் குளமும் என்னை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. அவை இரண்டும் இல்லாத வெறும் புல்மேடாக இருந்திருந்தால், உயரத்தைக் கண்டு நான் தயங்கியிருப்பேன்.

நிபந்தனை எழுதுவது எப்படி

"இரைச்சல் நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதிய நிபந்தனையைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். நியாயத்தை எந்தக் கருவியால் அளப்பது? டென்மார்க் விதி இப்படி இருக்கிறது: தனி வீட்டின் வெளிப்புறத்தில், காற்று நொடிக்கு 6 மீட்டர் வீசும்போது 42 டெசிபல், 8 மீட்டர் வீசும்போது 44. எங்கே, எப்போது, எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கின்றன. தொல்லைப்படுபவர் புகார் எழுதினால் அதை நிரூபிக்கவோ மறுக்கவோ முடியும்.

பிரிட்டனில் 1996-இல் வந்த வழிகாட்டியில் ஒரு விசித்திரம் உண்டு. பகல் வரம்பு 35 முதல் 40 டெசிபல். இரவு வரம்பு 43. இரவில் கூடுதலாக ஒலிக்கலாமாம்! இரவில் மக்கள் வீட்டுக்குள் இருப்பார்கள், திறந்த சன்னல்கூட ஒலியை ஓரளவு தணிக்கும் என்பது கணக்கு. இரவில் ஊர் அடங்கிய பிறகு அதே ஒலி எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது அந்த எண்ணில் தெரிவதில்லை. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது எழும் தாளமான "உஷ், உஷ்" ஒலியும் சராசரி டெசிபலில் மறைந்துபோகும். ஆகவே சராசரி வரம்போடு இந்தத் தாள ஒலிக்கும் தனியாக ஒரு வரி வேண்டும். வேறு ஊரின் நிபந்தனைத் தாளை நகலெடுப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அளப்பவர் யார் என்பது அடுத்தது. நிறுவனமே ஆலோசகரை அமர்த்தி, நிறுவனமே அறிக்கையை அனுப்பினால், வரம்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஊர் நம்பாது. செலவை நிறுவனம் ஏற்கட்டும், ஆளை மன்றம் அமர்த்தட்டும். முதல் ஆண்டு முழுவதும் அளவீடு நடக்கட்டும். வரம்பு தாண்டினால் குறிப்பிட்ட காற்று வேகத்தில், குறிப்பிட்ட திசையில் அந்த ஒரு காற்றாலையை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று முன்பே எழுதிவிட வேண்டும். "மேற்கொண்டு பேசித் தீர்க்கப்படும்" என்று விட்டால் பேச்சுதான் மிஞ்சும்.

நிழல் தொல்லைக்குத் தீர்வு எளிது. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 30 மணி நேரம், நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒளி உணரியும் நாட்காட்டியும் இணைந்த ஒரு கருவி, அந்த நேரம் வந்ததும் காற்றாலையைத் தானாக நிறுத்திவிடும். இதற்காக ஒரு கூட்டம் முழுவதையும் வீணாக்கத் தேவையில்லை.

வௌவால்களுக்கும் நல்ல விடை இருக்கிறது. அவை காற்று மெலிந்த வெதுவெதுப்பான இரவுகளில்தான் அதிகம் பறக்கின்றன. காற்றாலையிலிருந்து அப்போது கிடைக்கும் மின்சாரமும் சொற்பம். பென்சில்வேனியாவில் 2008, 2009 ஆண்டுகளில், காற்று மெலிந்த இரவுகளில் காற்றாலைகளைச் சுழலவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். இரவுக்குச் சராசரி வௌவால் சாவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தியில் இழப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு மலிவான நிபந்தனையைக் கேட்காமல் விடுவதற்குக் காரணமே இல்லை. பெரிய கழுகுகளின் விஷயம் அவ்வளவு சுலபம் அல்ல. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்புச் சாயம் அடித்தபோது பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் நான்கே காற்றாலைகளில் செய்த சோதனை. அதை வைத்துக் கழுகுக் கூட்டின் அருகே அனுமதி கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத நிபந்தனை: கழற்றும் செலவு. அனுமதி பொதுவாக 25, 30 ஆண்டுகளுக்கு. கூட்டத்துக்கு வந்து தேநீர் கொடுத்துப் பேசும் நிறுவனம் பெரும்பாலும் இந்த ஒரு திட்டத்துக்காகவே பதிவான நிறுவனம். அதற்கு அந்தக் காற்றாலைகளைத் தவிர வேறு சொத்து இருக்காது. அதற்குள் இரண்டு மூன்று கை மாறியும் இருக்கும். ஆகவே வங்கிப் பிணைத்தொகை தேவை. முதல் லாரி உள்ளே நுழைவதற்கு முன்பே தேவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். இரும்பு விற்ற பணமே செலவுக்குப் போதும் என்று அவர்கள் வாதிடுவார்கள். இரும்புக்கு விலை கிடைக்கும்தான். கண்ணாடியிழை இறக்கைகளை எடுத்துப் போக ஆள் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பணம்

ஊருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியை அநாகரிகமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு சமூக நிதி என்பது அரசு பரிந்துரைக்கும் அளவு. 25 மெகாவாட்டுக்கு 1,25,000 பவுண்டு. ஜெர்மனியில் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட் வரை கொடுக்கலாம். காற்றாலைகள் முழுத் திறனில் 30 சதவீதம் ஓடினால் ஆண்டுக்கு சுமார் 6.5 கோடி யூனிட், அதாவது 1,30,000 யூரோ சொச்சம். முதலாவது காற்று வீசினாலும் வீசாவிட்டாலும் வரும் தொகை. இரண்டாவது உற்பத்தியோடு ஏறி இறங்கும். சிறிய ஊருக்கு நிலையான தொகையே நல்லது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, உரிமையே ஊரிடம் இருப்பது. டென்மார்க்கின் சாம்ஸோ தீவில் 2000-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 11 காற்றாலைகளில் ஒன்பது விவசாயிகளுடையவை, இரண்டு கூட்டுறவுகளுடையவை. தன் காசு சுழல்வதைப் பார்ப்பவருக்கு ஒலி வேறு மாதிரி கேட்கும் போலும். ஆனால் நட்டமும் அவர்களுடையதே. இயந்திரப் பழுதுக்கான காப்பீட்டையும் கடன் வட்டியையும் படித்துப் பார்க்கும் ஆள் ஊரில் இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பணத்தைக் காரணமாக எழுதி அனுமதி கொடுத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷையரில் ஒரே ஒரு காற்றாலைக்கு, அதன் வருவாயில் 4 சதவீதம் ஊர் நிதிக்குக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மன்றம் அனுமதி கொடுத்தது. நிலப் பயன்பாட்டோடு தொடர்பில்லாத பணத்தை எடைபோட்டது தவறு என்று 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாதென உறுதிசெய்தது. அனுமதியைத் திட்டத்தின் தகுதியில் முடிவு செய்யுங்கள். நிதி ஒப்பந்தத்தைத் தனிக் காகிதத்தில் போடுங்கள்.

ஆக என் வாக்கு: ஐந்து காற்றாலைகள், வீட்டிலிருந்து 800 மீட்டருக்கு அப்பால், கரிமண்ணிலும் குளக்கரையிலும் ஒன்றும் வேண்டாம், மன்றம் அமர்த்தும் ஆள் ஓராண்டு இரைச்சலை அளக்க வேண்டும், மெல்லிய காற்றுள்ள இரவுகளில் நிறுத்தம், விமானம் வந்தால் மட்டும் எரியும் விளக்கு, லாரிக்கு முன் பிணைத்தொகை.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் மிச்சமிருக்கிறது. 125 மீட்டரில் முகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கக்கூடியவை, 200 மீட்டரில் அடுத்த பள்ளத்தாக்கிலும் தலைகாட்டும். அங்குள்ளவர்களுக்கு நிதியும் இல்லை, குத்தகையும் இல்லை, கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. அமைப்பை மாற்றச் சொல்லும் அன்றே அந்தப் பக்கத்து ஊராட்சிக்கும் அறிவிப்பு அனுப்பி, கருத்துக்கேட்பை இன்னொரு முறை நடத்த வேண்டும். ஆறு வாரம் தாமதமாகும்.